சிமிழும் சிற்றுறையும்



கொல்லிமலை என்றதும் இலக்கியம் பயின்றோர்க்கு இரண்டு நினைவுகள் எழும். ஒன்று, அம்மலையை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரி. மற்றொன்று, கொல்லிப்பாவை. தன் புன்னகையால் கண்டாரைக் கவர்ந்து, பின் அவர் உயிரையே கவரும் பாவை ஒன்று அங்கே இருந்தது என்பது பழங்கதை. கவர்ச்சிக்கு அத்துணை ஆற்றல் உண்டு. அந்த ஆற்றலை நல்ல செயலுக்கும் பயன்படுத்தலாகாதா என்பதே இன்று நான் எழுப்ப விரும்பும் கேள்வி. நாம் நாள்தோறும் உடலுக்கும் தலைக்கும் பூசும் பொருள்களின் உறைகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

நாமக்கல் மாவட்டத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் ஏறுகிறோம். அறப்பளீசுவரர் கோயிலை அடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. அங்கே பாறை இடுக்குகளில் மின்னும் சிறு உறைகளை நான் கண்டிருக்கிறேன். நீராட வருவோர் கிழித்து எறிந்த ஷாம்பு உறைகள் அவை. அருவியாய் விழும் ஐயாறு அங்கேயே நின்றுவிடுவதில்லை. அடிவாரத்துப் புளியஞ்சோலையை நோக்கி ஓடுகிறது. மேலே எறிந்தது கீழே உள்ளவர் வாசலுக்கு வந்து சேரும்.

‘சாஷே’ எனப்படும் இச்சிற்றுறையை வெறுத்து ஒதுக்குவது எளிது. ஆயினும் அதன் வரலாற்றை அறிந்தபின் நம் சினம் சற்றுத் தணியும். இந்தியாவில் ஷாம்பைச் சிற்றுறையில் அடைத்து விற்பதில் முன்னோடியாக விளங்கியவர் நம் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். செல்வர் வீட்டில் மட்டும் இருந்த பொருள் கூலி வேலை செய்வோர்க்கும் கிட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983-ஆம் ஆண்டு 15,000 ரூபாய் முதலுடன் தனித் தொழில் தொடங்கி, ‘சிக்’ ஷாம்பைச் சிற்றூர்தோறும் கொண்டு சென்றார். முழுப் புட்டி வாங்க இயலாத ஒரு பெண், ஒரு ரூபாய் கொடுத்து அன்றைய தேவையை நிறைவு செய்துகொண்டாள். இது சிறிய செயலன்று. ஆகவே சிற்றுறையை அகற்ற விரும்புவோர், அந்த ஒரு ரூபாய் வசதியை அவளிடமிருந்து பறிக்காமல் அகற்ற வேண்டும். இதுவே இச்சிக்கலின் முடிச்சு.

கணக்கையும் பாருங்கள். ஓர் உறையில் 6 மில்லிலிட்டர் உண்டு எனக் கொண்டால், ஒரு லிட்டர் ஷாம்புக்கு ஏறத்தாழ 167 உறைகள் வேண்டும். ஒவ்வோர் உறையும் வெவ்வேறு படலங்களை ஒன்றாக ஒட்டிச் செய்தது. ஈரமும் காற்றும் புகாமல் காப்பது அந்த ஒட்டுதல்தான். படலங்களைப் பிரித்து மறுபடி உருக்க இயலாமல் தடுப்பதும் அதுவே. பழைய பொருள் வாங்கும் வணிகர் இரும்பை வாங்குவார், தாளை வாங்குவார், இதனை ஏறெடுத்தும் பாரார்.

அப்படியாயின், மக்கள் வெற்றுறையைத் திருப்பித் தரவே மாட்டார்களா? அதே ‘சிக்’ நிறுவனம் தன் தொடக்க நாளில் செய்த விற்பனை உத்தி ஒன்று இதற்கு விடை தருகிறது. ஐந்து வெற்றுறைகளைக் கொண்டு வந்தால் ஓர் உறை ஷாம்பு இலவசம் என்றார்கள். மக்கள் குப்பையைத் தேடித் தேடிக் கொண்டு வந்தார்கள்! நீலகிரியிலும் 2022-ஆம் ஆண்டு, மதுப் புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, வெறும் புட்டியைத் திருப்பினால் அத்தொகையைத் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டில் உடைந்து கிடந்து விலங்குகளின் காலைக் கிழித்திருக்கும் புட்டிகள், கடைக்குத் திரும்பி வரத் தொடங்கின. கையில் பயன் தெரிந்தால் மக்கள் ஒத்துழைக்கத் தயங்குவதில்லை.

பயன் ஒன்று, அழகு மற்றொன்று. நம் வீட்டுக் குங்குமச் சிமிழை எண்ணிப் பாருங்கள். குங்குமம் தீர்ந்ததும் சிமிழை எவரேனும் எறிகிறார்களா? கோயில் வாசல் கடையில் குங்குமத்தைப் பொட்டலமாக வாங்கி அதில் நிரப்புகிறோம். தாய் மகளுக்குத் தருகிறாள். அவள் தன் மகளுக்குத் தருகிறாள். சுற்றுச்சூழல் பற்றி அவர்களுக்கு எவரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. சிமிழ் அழகாக இருந்தது. கைக்கு அடக்கமாக இருந்தது. எறிய மனம் வரவில்லை. அவ்வளவே!

பிற நாடுகளும் இதனையே மெய்ப்பிக்கின்றன. 1976-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் ‘பாடி ஷாப்’ என்னும் கடையைத் திறந்த அனிதா ராடிக் அம்மையார், போதிய புட்டிகள் இல்லாமையால், வாடிக்கையாளர் கொண்டு வந்த புட்டிகளையே மீண்டும் நிரப்பிக் கொடுத்தார். ஜப்பானில் நல்ல புட்டி ஒன்றை வீட்டில் நிலையாக வைத்துக்கொண்டு, மெல்லிய பையில் வரும் ஷாம்பை அதில் ஊற்றிக்கொள்வது பெருவழக்கமாகிவிட்டது. பையும் பிளாஸ்டிக்தான், எனினும் புதுப் புட்டிக்கு வேண்டியதைவிட அதற்கு வேண்டிய பிளாஸ்டிக் மிகக் குறைவு. விலையும் குறைவு என்பதால் இல்லத்தரசியர் அதனை விரும்பி வாங்குகின்றனர்.

இந்த அறிவைக் கொல்லிமலைக்குக் கொண்டு வருவோம். நாமக்கல், சேலம் வட்டாரத்தில் தலைமுழுகுவதற்கு அரப்புத் தூளும் சீயக்காய்த் தூளும் வழிவழியாக வழங்கிவருபவை. மீள்நிரப்புக்கு இவை மிகவும் ஏற்றவை. நீர் கலந்த பொருளில் கிருமி எளிதில் பெருகும். ஈரம் உலராத புட்டியில் ஊற்றினால் பொருள் விரைவில் கெடும். உலர்ந்த தூளுக்கு அந்த அச்சம் குறைவு. மலையின் ஈரக்காற்று புகாதபடி இறுகிய மூடி இருந்தால் போதும்.

அத்தகைய கலம் எவ்வாறு அமைய வேண்டும்? வாய் அகன்றிருக்க வேண்டும். அப்போதுதான் கழுவி உலர்த்த முடியும். நீராடும் ஈரக் கையிலிருந்து வழுக்கக் கூடாது. உள்ளிருக்கும் பொருள் யாது, அரைத்த நாள் எது என்பன தெளிவாக எழுதப்பட வேண்டும். நம்பிக்கை இல்லாத இடத்தில் அழகு பயன் தராது. ஐந்து ரூபாய்க்கும் நிரப்பித் தரவேண்டும்; இல்லையேல் ஏழை மறுபடியும் சிற்றுறையையே நாடுவார். நிரப்பும் கடை அவர் அன்றாடம் செல்லும் கடையாகவே இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பார்த்தவர் எடுத்துப் பார்க்கும் பொருளாக இருக்க வேண்டும். ‘இது நல்லது, வாங்குங்கள்’ என்று கெஞ்சும் பொருளை எவரும் விரும்புவதில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுள் வேதியியல் பயில்வோர் உண்டு. ஓவியம் தீட்டுவோர் உண்டு. வணிகவியல் கற்போரும் உண்டு. இந்தக் கலத்தை உருவாக்க மூவரும் வேண்டும். உங்கள் விடுதியிலேயே ஒரு நிரப்பு மேசை வைத்து, ஒரு மாதத்தில் எத்தனை உறைகள் குறைந்தன என்று எண்ணிப் பாருங்கள். பயன்படுத்த மறுத்தவர் ஏன் மறுத்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மறுப்பே அடுத்த கலத்தைத் திருத்தும் ஆசிரியன்.