மார்ச் மாதத்து ஹோம் ரன்கள்



அமெரிக்காவில் பேஸ்பால் சீசன் தொடங்குவது மார்ச் கடைசியில். அதற்கு ஐந்தாறு வாரம் முன்னதாகவே, சிகாகோவும் பாஸ்டனும் குளிரில் விறைத்துக் கிடக்கும் பிப்ரவரி நடுவில், மேஜர் லீக்கின் 30 அணிகளும் மூட்டை கட்டிக்கொண்டு வெயில் ஊர்களுக்குக் கிளம்பிவிடும். 15 அணிகள் ஃபுளோரிடாவுக்கு, 15 அணிகள் அரிசோனாவுக்கு. ஸ்பிரிங் டிரெய்னிங் எனப்படும் வசந்தகாலப் பயிற்சி முகாம் இதுதான்.

முகாமுக்கு ஓர் அணி அறுபது பேருக்கு மேல் அழைத்து வரும். சீசன் தொடங்கும் நாளில் இடம் 26 பேருக்குத்தான். அதிலும் முக்கால்வாசி இடங்களுக்கு ஆள் யார் என்பது முன்பே முடிவாகியிருக்கும். மிச்சமுள்ள சில இடங்களுக்காக இளைஞர்கள் முண்டியடிப்பார்கள். தினமும் ஆட்டம் நடக்கும், டிக்கெட் விற்கும், ஸ்கோர் பலகையும் ஓடும். ஆனால் அந்த வெற்றி தோல்வி எந்தப் புள்ளிப் பட்டியலிலும் சேராது. கணக்கில் சேராத ஆட்டத்தை வைத்து ஒரு பையனின் எதிர்காலத்தை எப்படி எடைபோடுவது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பேஸ்பாலில் பத்து வாய்ப்பில் மூன்று முறை ஒழுங்காக அடித்து ஓடி பேஸைத் தொட்டாலே அவர் நல்ல பேட்டர். முகாமில் ஓர் இளைஞருக்கு 50 வாய்ப்பு கிடைப்பதே பெரிது. அந்த 50இல் 15 முறை அடித்தால் பத்துக்கு மூன்று வந்துவிடும்; பத்திரிகைகள் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடும். 11 முறைதான் அடித்தார் என்றால், இன்னும் தேறவில்லை, மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்குக்கு அனுப்புங்கள் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது நான்கே நான்கு அடி. ஒரு பந்து தரையில் எக்குத்தப்பாகத் துள்ளியிருக்கலாம். இன்னொன்று ஃபீல்டரின் கண்ணில் வெயில் பட்டதால் தப்பியிருக்கலாம். முழு சீசனில் 500 வாய்ப்புக்கு மேல் வரும், அதற்குள் நல்ல அதிர்ஷ்டமும் கெட்ட அதிர்ஷ்டமும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு மாத முகாமில் அதற்கு அவகாசம் இல்லை.

அரிசோனாவில் இன்னொரு தொல்லை. அங்கே காற்று வறண்டது, ஊர்களும் கொஞ்சம் மேட்டில் இருப்பவை. அடித்த பந்து வழக்கத்தைவிடத் தூரம் பறக்கும். பிட்சர் வீசும் வளைவுப் பந்து சரியாக வளையாது. அங்கே பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி அடித்த ஹோம் ரன்னைப் பார்த்து மயங்கக் கூடாது.

அடுத்த கேள்வி, எதிரே நின்று வீசியது யார்? நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஐந்தாவது இன்னிங்ஸ் வாக்கில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு முதுகில் 80, 90 என்று பெரிய எண்கள் போட்ட பையன்கள் இறங்குவார்கள். எட்டாவது இன்னிங்ஸில் ஓர் இளைஞர் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினால், அதை வீசியவர் அடுத்த வாரம் மைனர் லீக்கின் அடிமட்டத்துக்குப் போகவிருப்பவராக இருக்கலாம். அனுபவசாலி பிட்சர்களின் கதை வேறு. குளிர்காலத்தில் புதிதாகக் கற்ற ஒரு பந்தை அவர்கள் அடி விழுந்தாலும் பரவாயில்லை என்று திரும்பத் திரும்ப வீசிப் பார்ப்பார்கள். அன்றைக்கு அவர்களை வெளுத்துக் கட்டிய இளைஞருக்கு, சீசனில் வரப்போகும் நிஜப் பந்து இன்னும் கண்ணிலேயே படவில்லை.

அப்படியானால் முகாமில் பார்க்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள வரிசைகளில் தொப்பி போட்டுக்கொண்டு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், பக்கத்தில் வேகம் அளக்கும் ரேடார் கருவி, மடியில் நோட்டு. இவர்கள்தான் ஸ்கவுட்கள். மட்டையில் பந்து பட்ட கணத்தில் கடிகாரத்தை அமுக்குவார்கள். ஓடுகிறவரின் கால் முதல் பேஸில் பட்டதும் நிறுத்துவார்கள். 90 அடி தூரம். வலக்கை பேட்டருக்கு 4.3 விநாடி சாதாரணம். 4 விநாடிக்குள் ஓடினால் பறக்கிற ஆள். அவர் அவுட்டா இல்லையா என்பது ஸ்கவுட்டுக்கு இரண்டாம் பட்சம். பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சரின் கையுறையில் விழுந்த பந்து இரண்டாவது பேஸில் நிற்பவரின் கையுறைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம்? 2 விநாடி என்றால் தேறுவார். இந்த எண்களில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. சராசரியை நம்ப நூற்றுக்கணக்கான வாய்ப்பு வேண்டும். கால் வேகத்தை நம்ப நாலைந்து ஓட்டம் போதும்.

ஸ்கவுட்கள் மதிப்பெண் போடும் முறையும் விசித்திரமானது. 20இல் தொடங்கி 80இல் முடியும். மேஜர் லீக்கில் நடுத்தரம் என்றால் 50. பேட்டர்களுக்கு ஐந்து பாடம்: அடிக்கும் திறன், அடியின் பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை. ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு. முதலாவது, இன்றைக்கு இவன் எப்படி. இரண்டாவது, வளர்ந்த பிறகு எப்படி இருப்பான். இன்றைக்கு 40, நாளைக்கு 60 என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு எழுதுகிறார்களே, அந்த 60இல்தான் ஸ்கவுட்டின் முழுத் தொழிலும் இருக்கிறது. தோள் இன்னும் விரியுமா, விலகிப் போகும் பந்தை ஆசைப்பட்டுத் துரத்தாமல் விட்டுவிடும் பொறுமை இருக்கிறதா, இரண்டு முறை ஏமாற்றிய பந்தை மூன்றாவது முறை அடையாளம் காண்கிறானா என்றெல்லாம் பார்த்துப் போடும் எண் அது.

ஒரே ஒரு பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2008இல் இந்தியாவில் பந்தை வேகமாக எறிவதற்கு ஒரு போட்டி நடந்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்கள் அதில் தேறினார்கள். அதற்கு முன் பேஸ்பாலைத் தொட்டதுகூட இல்லை. அந்த ஆண்டே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று 2014இல் திரைப்படமாகவும் வந்தது. இசை நம்முடைய ஏ. ஆர். ரகுமான். ரேடார் கருவி அவர்களுடைய கையைச் சரியாகத்தான் அளந்தது. ஆனால் பந்தை நினைத்த இடத்தில் போடுவதும், பேட்டரின் மனசைப் படிப்பதும் சிறு வயதிலிருந்தே ஊறி வரவேண்டியவை. மைனர் லீக்கின் கீழ்ப்படிகளைத் தாண்டி இருவராலும் மேலே போக முடியவில்லை.

தேர்ந்த கண்களும் தவறும். 1978 மார்ச்சில் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை கான்சஸ் சிட்டி ராயல்ஸின் கிளின்ட் ஹர்டிலை அட்டையில் போட்டு, இந்த ஆண்டின் அதிசயம் என்று அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 20. பத்து சீசன் ஆடி அவர் அடித்தது மொத்தம் 32 ஹோம் ரன். பிற்பாடு மேனேஜராகி, கொலராடோ ராக்கீஸ் அணியை 2007இல் உலகத் தொடர் வரை கொண்டுபோனார். அவரிடம் சரக்கு இருந்தது. எல்லாரும் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

இதற்கு நேர்மாறானவர் ஆல்பர்ட் புஹோல்ஸ். 1999இல் அணிகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தபோது 401 பேரைக் கூப்பிட்ட பிறகுதான் இவர் பெயர் வந்தது. 2001இல் ஃபுளோரிடாவின் ஜூப்பிட்டரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் முகாமுக்கு வந்தபோது வயது 21. மைனர் லீக்கில் ஒரே ஒரு சீசன் ஆடியிருந்தார். மறுபடி கீழே அனுப்புவதுதான் திட்டம். எந்த இடத்தில் நிறுத்தினாலும் நின்றார். எந்தப் பந்தைப் போட்டாலும் அடித்தார். மூத்த வீரர் பாபி பொனியாவுக்குத் தொடைத்தசையில் அடிபட, இடமும் காலியானது. அந்த ஆண்டு 37 ஹோம் ரன். சிறந்த புதுமுக விருதுக்கு ஒருமனதான தேர்வு. ஓய்வு பெறும்போது கணக்கு 703. 2001 மார்ச்சில் அவர் அந்தக் காயத்துக்கும் கடன்பட்டிருந்தார்.

நன்றாக ஆடினால் இடம் நிச்சயமா? அதற்கும் உத்தரவாதம் இல்லை. 2015இல் அரிசோனாவில் சிகாகோ கப்ஸ் முகாமில் கிரிஸ் பிரையன்ட் 9 ஹோம் ரன் அடித்தார். முகாமையே கலக்கியவரை மைனர் லீக்குக்கு அனுப்பினார்கள். ஃபீல்டிங்கைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று காரணம் சொன்னது நிர்வாகம். ஏப்ரல் 17இல் மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள். சூட்சுமம் நாள்கணக்கில் இருந்தது. ஒரு சீசனில் 172 நாள் மேஜர் லீக்கில் இருந்தால் ஒரு வருட சர்வீஸ். அப்படி ஆறு வருடம் முடித்தால்தான் விரும்பிய அணிக்குப் போகலாம். பிரையன்ட்டுக்கு வந்தது 171 நாள். அந்த ஒரு நாளால் கப்ஸ் கையில் அவர் இன்னொரு வருடம் கட்டுப்பட்டார். அந்த ஆண்டு சிறந்த புதுமுகம், அடுத்த ஆண்டு லீக்கின் மதிப்புமிக்க வீரர், 108 ஆண்டுக்குப் பிறகு கப்ஸுக்கு உலகத் தொடர் கோப்பை என்று எல்லாம் கிடைத்தன. வீரர்கள் சங்கம் தொடுத்த முறையீடு மட்டும் 2020இல் தோற்றது.

இதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. இளைஞரை மூன்று சீசன் வரை கீழே அனுப்பி மேலே அழைக்கும் உரிமை அணிக்கு உண்டு. அந்த உரிமை தீர்ந்துபோன 28 வயதுக்காரரை அனுப்பினால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடும். ஆகவே சுமாராக ஆடியவர் தங்குவார், நன்றாக ஆடியவர் பஸ் ஏறுவார். 2022இல் விதி மாறியது. பெரிய எதிர்பார்ப்புள்ள புதுமுகத்தை முதல் நாளிலிருந்தே சேர்த்து, அவர் விருது வாங்கினால், இளைஞர் தேர்வில் அணிக்குக் கூடுதலாக ஓர் இடம். சியாட்டில் மரினர்ஸ் ஜூலியோ ரோட்ரிகஸை முதல் நாளே இறக்கியது, அவர் சிறந்த புதுமுகமானார், பரிசும் கிடைத்தது. பிரையன்ட்டை ஒரு நாள் குறைத்து வைத்த அதே கணக்கு, ரோட்ரிகஸை முதல் நாளே மேலே ஏற்றியது.

ஆகவே நேயர்களே, யாரோ ஓர் இளைஞர் மார்ச்சில் ஹோம் ரன் மழை பொழிகிறார் என்று செய்தி வந்தால், எத்தனை அடித்தார் என்பதைக் கடைசியில் கேளுங்கள். யார் வீசியதை அடித்தார், எத்தனை கெட்ட பந்தைத் தொடாமல் விட்டார் என்பதை முதலில் கேளுங்கள். அணியில் இடம் கிடைத்ததா இல்லையா என்பதை வைத்து மட்டும் அவரை எடைபோட்டுவிடாதீர்கள். அந்தத் தீர்ப்பில் பாதி மைதானத்தில் எழுதப்படுகிறது. மீதி அலுவலகத்தில், நாள்காட்டியைப் பார்த்து எழுதப்படுகிறது.