சொற்களைப் பூட்டி வைப்பதா?

(கற்பிட்டியில் கணினி பயிலும் இளைஞரிடையே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இக்கற்பிட்டி மண்ணிலே 1807இல் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் பற்றிய விவரங்களை அகரவரிசைப்படுத்தி 1834இல் ஆங்கிலத்தில் அச்சேற்றினார். 1859இல் ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்தம் வரலாறுகளைத் தொகுத்துத் ‘தமிழ் புளூட்டாக்’ என வெளியிட்டார். அவை அவர் பெட்டகத்திலேயே கிடந்திருப்பின் என்னவாகியிருக்கும்? அச்சேறியமையாலன்றோ, அதனை அடியொற்றி, மேலும் பல புலவரைச் சேர்த்து, 1886இல் சதாசிவம்பிள்ளை ‘பாவலர் சரித்திர தீபகம்’ தர முடிந்தது!

அதே தொண்டினை இன்று நீங்கள் வேறு கருவியாற் செய்கின்றீர்கள். ஊர்ப்பெயர்ப் பட்டியல், சொற்பகுக்கும் நிரல், பேச்சுப் பதிவு யாவும் உங்கள் மடிக்கணினியில் உறங்குகின்றன. ‘முற்றுப்பெறட்டும், பிறகு காட்டுவோம்’ என்கின்றீர்கள். முற்றுப்பெற்ற அகராதி எம்மொழியில் உண்டு?

உடப்புக் கரையிலே ‘பாடு’ என்றால் கரைவலை இழுக்கும் இடம். ‘வாடி’ என்றால் மீனவர் தங்கும் கொட்டில். சென்னைச் செய்தித்தாள்களை உண்டு வளர்ந்த இயந்திரம் இதனை அறியுமா? பாடு என்றதும் கச்சேரிக்கல்லவா புறப்பட்டுவிடும்! (சிரிப்பு.) குற்றம் இயந்திரத்தினதன்று, கொடுத்ததைத்தான் அது கற்கும். யாழ்ப்பாணத்துச் சர்வேஸ்வரனும் அவர்தம் தோழரும் ‘தமிழி மோர்ப்’ எனும் சொற்பகுப்புக் கருவியை இணையத்தில் யாவர்க்கும் திறந்துவைத்துள்ளனர். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் வாரி வழங்குகின்றது. நமது கரையின் சொற்களை அவற்றோடு சேர்க்க வேறெவர் வருவார்?

ஆனால், ‘பாமினி’ எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஏற்றாதீர்கள். கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றினும் இயந்திரத்துக்கு அவை ஆங்கில எழுத்துக்களே. ஒருங்குறிக்கு மாற்றுங்கள். எச்சொல் எவ்வூரிற் கேட்டது, நிரல் எங்கே தவறுகின்றது என்பவற்றையும் உடன் எழுதுங்கள்.

இனிச் சட்டம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் எழுத்தாக்கமாகவே காக்கின்றது. பதிவு வேண்டியதில்லை, எழுதிய கணமே உரிமை உண்டு, ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் அது நிலைக்கும். எனவே உரிமம் எதுவும் குறிப்பிடாது வெளியிட்டால், ‘எடுத்துக்கொள்’ என்று நீங்கள் கருதினாலும் சட்டம் ‘தொடாதே’ என்றே பொருள்கொள்ளும்! எவரும் எடுக்கலாம், திருத்தலாம் என ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மற்றொன்று, இதைவிடப் பெரிது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே வேரூன்றினர். அவர்தம் பேச்சு பதிவுசெய்யத்தக்க செல்வம். ஆயினும் இன்னார், இன்ன ஊரார், இன்ன வீட்டார் என்ற பட்டியல் தீயோர் கைப்பட்டால் என்ன நேருமென்று இந்நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டுமா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இன அடையாளத்தைத் தனிக்காவலுக்குரிய தரவாகவே வகுத்துள்ளது. பெயரையும் முகவரியையும் நீக்கியே ஏற்றுங்கள். குரலை வெளியிடுமுன் பேசியவரின் சம்மதத்தை எழுத்திற் பெறுங்கள். அச்சம்மதப் படிவத்தை எளிய தமிழில் எழுதித்தர நான் ஆயத்தம், கட்டணம் கேளேன். (கைதட்டல்.)