மொரிஸ் மைனருக்கு முன்சில்லு நேர்பார்த்தல்

யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடுகிற மொரிஸ் மைனர் ஒன்று எங்கேனும் நின்றால், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அதன் முன் டயரில் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவிப் பாருங்கள். வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கம் தடவும்போது கை வழுக்கிப் போகிறது, திரும்பி வரும்போது ரப்பர் விளிம்புகள் குத்துகின்றன என்றால், முன்சில்லுகள் இரண்டும் அளவுக்கு மீறி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஓடுகின்றன. மாறி இருந்தால், வெளிப்பக்கம் பார்த்து ஓடுகின்றன. இதைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டாம். சரிசெய்யவும் அது வேண்டாம். வீட்டு முற்றத்தில், சமமான சீமெந்துத் தரையில், ஓர் ஆளின் உதவியோடு செய்யலாம்.

மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு மினி காரை உருவாக்கியவரும் அவரே. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய காரில் ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கையும், முன்பக்கத்தில் சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகளையும் வைத்தார். மாதிரிக் கார் ஒல்லியாகத் தெரிகிறதென்று அதை நெடுக்காகப் பிளந்து நாலு அங்குலம் அகட்டினார் என்பதும் உண்மைக் கதைதான். இங்கே இந்தக் கார்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அத்தனையையும் தாங்கிய வண்டிக்கு ஒரு நூல் பிடித்துப் பார்ப்பது பெரிய சோதனை அல்ல.

சில்லு நேர்பார்த்தலில் மூன்று கோணங்கள் பேசப்படும். சில்லு மேற்புறமாக உள்ளோ வெளியோ சாய்வது காம்பர். சில்லு திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்வது காஸ்டர். இவ்விரண்டையும் மைனரில் தொழிற்சாலையே தீர்மானித்துவிட்டது; திருகிச் சரிசெய்ய வழி வைக்கவில்லை. அவை பிசகியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது டோ. நின்றபடி உங்கள் இரு பாதங்களின் பெருவிரல்களையும் சற்று உள்ளே திருப்புங்கள், அதுதான் டோ-இன். நம் கைக்கு வருவது இது ஒன்றே. மைனருக்குச் சொன்ன அளவு, ஓர் அங்குலத்தை 32 பங்காக்கி அதில் 3 பங்கு, ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர். முன்சில்லுகளின் முன்பக்க இடைவெளி, பின்பக்க இடைவெளியைவிட அவ்வளவு குறைவாக இருக்கவேண்டும்.

நேராகவே வைத்தால் என்ன? பின்சில்லு தள்ளி ஓடும் காரில், தரையின் இழுவை முன்சில்லுகளை வெளிப்பக்கம் விரிக்கப் பார்க்கும். மூட்டுகளில் உள்ள சின்னச் சின்ன இடைவெளிகள் அதற்கு இடம் கொடுக்கும். ஓடும்போது நேராக வரட்டும் என்றுதான் நிற்கும்போது கொஞ்சம் உள்ளே திருப்பி வைக்கிறார்கள். ரேடியல் டயர் போட்டவர்கள் பலர் இதைவிடக் குறைவாக வைப்பதுண்டு.

இனி வேலைக்கு வருவோம். அளவுகோலைத் தொடுமுன் காரைத் தொடுங்கள். என் கணிப்பில் நேர்பார்க்கும் வேலையில் முக்கால்வாசி இதுதான். கராஜுகளில் அவசரத்தில் விட்டுவிடுவதும் இதைத்தான். ஜாக் அடித்து, உறுதியான தாங்கி கொடுத்து, சில்லைத் தரையிலிருந்து எழுப்புங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையை நீட்டவேண்டாம். சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடுகிறதா? உதவிக்கு நிற்கிற மகனையோ மருமகனையோ பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் பெயரிங்கில். நிற்காவிட்டால், சில்லு திரும்பும் அச்சான கிங்பின்னின் அடியில் இருக்கும் ட்ரனியனைச் சந்தேகியுங்கள். பிறகு இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். அதில் தெரிவது, ராக்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட்டின் போல் ஜொயின்டோ ராக்கோ.

ட்ரனியனைப் பற்றி இன்னும் ஒரு சொல். மைனரின் கிங்பின் கீழே மரை போட்டு ட்ரனியனுக்குள் திருகி நிற்கிறது. காரின் முன்பாரம் அந்த மரையில்தான் தொங்குகிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேயும். ஒருநாள் கழன்று, சில்லு காரின் கீழ் மடிந்துவிடும். மைனர் உலகமெங்கும் பேர்போன வியாதி இது. ட்ரனியன் ஆடுகிற காரில் டோ பார்ப்பது வீண்வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. முதலில் அதை மாற்றுங்கள்.

எல்லாம் இறுக்கமாக இருந்தால், காற்றைக் கையேடு சொல்லும் அளவுக்கு ஏற்றுங்கள். தரை சமமா என்று மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயால் பாருங்கள். சில்லு தூக்கியிருக்கும்போதே டயரின் நடுவில் சோக் தடவி, அசையாமல் ஊன்றிய ஓர் ஆணிமுனையைத் தொடவிட்டு, சில்லைச் சுழற்றுங்கள். மெல்லிய கோடு ஒன்று சுற்றிவர விழும். றிம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் இந்தக் கோடு பொய் சொல்லாது. மற்றச் சில்லுக்கும் அப்படியே.

காரை இறக்குங்கள். இறக்கியவுடன் அளக்கக்கூடாது, சில்லுகள் இன்னும் இடுங்கி நிற்கும். முன்பக்கமும் பின்பக்கமும் அமுக்கிவிட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, காரைச் சில மீற்றர் முன்னோக்கித் தள்ளி நிறுத்துங்கள். முன்னோக்கி மட்டும். பின்னால் தள்ளினால் மூட்டுகளின் தளர்வெல்லாம் மறுபக்கம் சாய்ந்து, அளவு மாறிவிடும். கைப்பிரேக்கும் போடவேண்டாம், பின்சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

சில்லின் மையத்தின் உயரத்தில், முன்பக்கத்தில், கோட்டிலிருந்து கோட்டுக்கு எவ்வளவு என்று எடுங்கள். பின்பக்கத்தில் நாடா நேராகப் போகாது, எஞ்சின் அடிப்பகுதி மறிக்கும். அதற்குத்தான் பழைய மெக்கானிக்மார் ஒரு நீளத் தடியில் இரண்டு குத்துக்கட்டைகளை நிறுத்தி, உச்சியில் ஆணி அடித்து வைத்திருப்பார்கள். ஆணிகளை முன்பக்க இடைவெளிக்குப் பொருத்தி, தடியைப் பின்பக்கம் கொண்டுபோங்கள். அங்கே ஓர் ஆணி ஒரு சில்லின் கோட்டைத் தொட, மற்ற ஆணி மற்றச் சில்லின் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே உங்கள் டோ. கையேட்டின் அளவு றிம்முக்கா டயருக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோணம் ஒன்றுதான், ஆனால் 14 அங்குல றிம்மில் 2.4 மில்லிமீற்றராக இருப்பது, டயரின் வெளிவட்டத்தில் 4 மில்லிமீற்றரை எட்டும்.

தொடக்கத்தில் சொன்ன நூல் எதற்கு? ஸ்டியரிங் நேராக இருக்கும்போது இரண்டு சில்லுகளும் சமமாகத் திரும்பியிருக்கின்றனவா என்று பார்க்க. காரின் இருபக்கமும் நான்கு தாங்கிகளில், சில்லு மையத்தின் உயரத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். பல கார்களில் முன்சில்லுகளின் இடைஅகலமும் பின்சில்லுகளின் இடைஅகலமும் ஒன்றல்ல. ஆகவே நூலை டயரில் ஒட்டவிடாமல், இருபக்கமும் முன்னச்சின் நடுவிலிருந்து ஒரே தூரத்திலும், பின்னச்சின் நடுவிலிருந்து ஒரே தூரத்திலும் நிறுத்தவேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை இதுதான். பிறகு, நூலிலிருந்து முன்சில்லின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூர வித்தியாசம் இருபக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

திருகுவது சுலபம். லொக் நட்டுக்கு முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். ராக்கின் ரப்பர் உறையைப் பிடிக்கிற வளையத்தைத் தளர்த்துங்கள், இல்லையேல் டை ரொட் சுழலும்போது உறை முறுகிக் கிழியும். டை ரொட் அச்சுக்குப் பின்னால் இருக்கும் காரில், மைனர் அப்படித்தான், ரொட்டை நீட்டினால் டோ-இன் கூடும், குறுக்கினால் குறையும். இரண்டு பக்கமும் சம அளவு, கால் சுற்று கால் சுற்றாகத் திருகுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருகினால் டோ சரியாக வரும், ஆனால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு காரைப் பின்னே எடுத்து, முன்னே தள்ளி, மறுபடி அளக்கவேண்டும். அலுப்பாக இருந்தால் சில்லுகளுக்குக் கீழே இரண்டு பொலித்தீன் தாள்களை, நடுவில் கிறீஸ் பூசி வையுங்கள். சில்லு நின்ற இடத்திலேயே வழுக்கித் திரும்பும். கடைசியில் லொக் நட்டை இறுக்கும்போது போல் ஜொயின்டைச் சாயாமல் பிடியுங்கள். இறுக்கிய பிறகு இன்னொருமுறை அளவெடுங்கள். இறுக்கும்போதே அளவு நகர்ந்துவிடுவது சாதாரணம்.

ஓட்டிப் பார்க்கும்போது கார் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தால் உடனே ஸ்பனரை எடுக்கவேண்டாம். மழைநீர் வடிவதற்காக நம் வீதிகள் நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிகின்றன. நாம் ஓட்டுவதோ இடப்பக்கத்தில். வெறுமையான பெரிய திடலிலோ, வாகனம் இல்லாத நேரத்தில் வீதியின் நடுவிலோ ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் இரண்டு முன் டயர்களையும் இடம்மாற்றிப் போடுங்கள். இழுவை பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் பிரேக் ஒன்று பிடித்தபடி ஓடுகிறதா என்று, ஓட்டம் முடிந்ததும் இரு சில்லுகளின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.