நீங்க என்ன ஆளுக?
(மணிமுத்தாறில் ஆற்றிய உரை)

  

இன்று ஒரு நாவலைப் பற்றிப் பேசப் போகிறேன். மவ்லவிக்கும் நாவலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். கதையைக் கேளுங்கள்.

நம் நெல்லைச் சீமையின் மயிலோடைக் கிராமம். கருப்பன், வள்ளி என்று ஓர் இளம் தம்பதி. ஊரில் பிழைப்பில்லை. மேஸ்திரி முன்பணம் கொடுத்து வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறான். அங்கே கடன் தீரவில்லை. காய்ச்சலும் அடியும் இழிசொல்லும்தான் மிச்சம். தோட்டத்து மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய இந்தக் கதையை, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார்.

சகோதரர்களே! அந்த மேஸ்திரியை நமக்குத் தெரியாதா? விசாவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு நம் பிள்ளைகளை வளைகுடாவில் தவிக்கவிட்ட ஏஜெண்ட் யார்? அவனுடைய தம்பிதானே!

இப்போது தலையை உயர்த்தி மலையைப் பாருங்கள். மாஞ்சோலை! 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கம்பெனி எடுத்த காடு. அதைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்கள் கருப்பனையும் வள்ளியையும் போன்றவர்கள். அந்த மக்களுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடியில் ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். 2024 ஜூனில் கம்பெனி விருப்ப ஓய்வு என்று சொல்லிக் கணக்கை முடித்தது. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள், சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் மலையை விட்டு இறங்கும் நிலை!

இறங்கி வந்து வாடகைக்கு வீடு கேட்பவரிடம் நம் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி என்ன? "நீங்க என்ன ஆளுக?"

அந்தக் கேள்வியின் வலி எனக்குத் தெரியும். ஒரு பெருநகரில் நான் வீடு தேடியபோது பெயரைச் சொன்னதும் கதவு சாத்தப்பட்டது. உங்களில் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. பட்டவனே அதே கேள்வியை அடுத்தவனிடம் கேட்கலாமா?

மக்காவின் கொடுமை தாங்காமல் 615இல் முஸ்லிம்கள் முதன்முதலாக அடைக்கலம் தேடிப் போனது எங்கே? ஆப்பிரிக்காவின் அபிசீனியாவுக்கு! குறைஷிகள் பரிசுப் பொருள்களோடு பின்னாலேயே போய், அவர்களைத் திருப்பித் தரும்படி கேட்டார்கள். கிறிஸ்தவரான நஜ்ஜாஷி மன்னர் வந்தவர்களின் பேச்சைக் கேட்டார், பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தார், அடைக்கலம் தந்தார். இந்தச் சமுதாயம் பிழைத்தது அந்நியர் ஒருவர் திறந்த கதவால்!

வணிகர்களே! கடையில் ஆள் தேவையா? மலையிலிருந்து வந்த பிள்ளைக்கு வேலை கொடுங்கள், சம்பளத்தைக் குறைக்காதீர்கள். இளைஞர்களே! காலியான வீடு இருந்தால் தேடிப்போய்ச் சொல்லுங்கள். யாராவது கதவைத் தட்டினால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எத்தனை பேர் இருக்கீங்க? இடம் போதுமா?"