கோட்டை முன்னாலேயே காட்டுங்கள்



மாவட்டத் தடகளப் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் மைதானத்துப் பக்கம் போனால், வாளியில் சுண்ணாம்புப் பொடியும் கையில் கயிறுமாக நாலைந்து பேர் குனிந்த தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். இருபத்தெட்டு வருஷம் அந்த நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. பிள்ளைகளுக்கு நான் பி.டி. டீச்சர். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்பிள்ளைகளை ஓடவைத்ததுதான் என் உத்தியோகம்.

நீளக் கோடுகள் எல்லாம் போட்டு முடித்த பிறகு, முதல் வளைவு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு வளைந்த கோடு போடுவோம். ஒருதரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பக்கத்தில் வந்து நின்று, "டீச்சர், இது என்ன கோணலாப் போச்சு?" என்று கேட்டது. கோணல் இல்லை. அதற்குப் பெயர் பிரேக் லைன். 800 மீட்டர் ஓட்டத்தில் அவரவர் பாதையிலேயே புறப்பட்டு, முதல் வளைவு முழுக்க அதை விட்டு விலகாமல் ஓட வேண்டும். இந்தக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் உள்பாதைக்கு வரலாம். அதற்கு மேல் யாருக்கும் தனிப் பாதை கிடையாது. முழங்கை இடிக்கும், முன்னால் போகிறவளின் கால் நம் காலில் தட்டும். மிச்ச ஓட்டம் முழுக்க அந்த நெரிசலுக்குள்தான்.

800 மீட்டர் என்பது இரண்டு சுற்று. நூறு மீட்டர்போலக் கண்ணை மூடிக்கொண்டு பாயவும் முடியாது, ஐயாயிரம் மீட்டர்போல நிதானமாகப் போகவும் முடியாது. முதல் சுற்றில் ஆசைப்பட்டு வேகத்தைச் செலவழித்தவளுக்குக் கடைசி 200 மீட்டரில் தொடை கல்லாகிவிடும். அந்த இடத்தில் முகத்தைப் பார்த்தால் போதும், யார் ஜெயிப்பாள் என்று சொல்லிவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறவள் தோற்பாள், கன்னம் தொளதொளவென்று ஆடுகிறவள் ஜெயிப்பாள்.

கோணல் கோட்டைப் பற்றிக் கேட்ட பிள்ளை நன்றாக ஓடுவாள். அம்மாவுக்குப் பயராபீஸில் வேலை. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. பயராபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், இப்படித்தான். விடிகிற நேரத்தில் ஊர் முக்கில் வேன் வந்து நிற்கும். தூக்குச்சட்டியோடு பெண்கள் ஏறிப் போவார்கள். அந்தப் பிள்ளை ஒருநாள் வந்து சொன்னாள்: "ஓட வேணாம்னு அம்மா சொல்றாங்க டீச்சர். கஷ்டப்பட்டு மெடல் வாங்கினாலும் பிடுங்கிருவாங்களாம்."

டீக்கடைப் பேச்சு எப்படியோ சமையற்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இந்தியப் பெண்கள் 800 மீட்டரில் ஓடிப் பெற்றதை இழந்த கதை ஒன்றல்ல, மூன்று இருக்கிறது. ஆனால் டீக்கடையில் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். இன்று அதைப் பிரித்துக் காட்டுகிறேன்.

முதல் கதை 1986, சியோல் ஆசிய விளையாட்டு. கேரளத்தைச் சேர்ந்த ஷைனி ஆபிரகாம், திருமணத்துக்குப் பின் ஷைனி வில்சன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை போய்வந்தவர். சியோலில் அவரை முந்த ஆளில்லை. ஆனால் நான் சொன்னேனே, அந்த வளைந்த கோடு, அதைத் தாண்டுவதற்கு முன்பே உள்பாதைக்கு வந்துவிட்டார். தகுதி நீக்கம், தங்கம் போயிற்று. கண்ணீரான கண்ணீர். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. கோடு தரையில் இருந்தது, எட்டுப் பேருக்கும் தெரிந்த கோடு. ஷைனி ஒடிந்து உட்காரவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியைத் தாங்கி அணியின் முன்னால் நடந்தார், அப்படி நடந்த முதல் இந்தியப் பெண் அவர்தான். 1995இல் சென்னையில் நடந்த தெற்காசியப் போட்டியில் இரண்டு நிமிடத்துக்குள் 800 மீட்டர் ஓடிக் காட்டினார்.

இரண்டாவது கதை நம் ஊர்க் கதை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, சாந்தி சௌந்தரராஜன். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைத் தொழிலாளிகள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஓட்டம் சொல்லிக்கொடுத்தவர் தாத்தா. குடிசைக்கு வெளியே இருந்த மண் தரைதான் மைதானம். பதின்மூன்று வயதில் தாத்தாதான் ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்தார். எட்டாம் வகுப்பில் முதல் போட்டியில் ஜெயித்துத் தகரக் கோப்பை ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தார். அதன்பின் பக்கத்துப் பள்ளிப் பயிற்சியாளர் ஒருவர் அவரை அழைத்துக்கொண்டார். படிப்புச் செலவு, சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் கிடைத்தது. மூன்று வேளை வயிறாரச் சாப்பிட்டது அப்போதுதான் என்று சாந்தி சொல்லியிருக்கிறார்.

இந்தச் சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்து, 1956இல் மதிய உணவைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அவருக்குத் தெரியும். ஓட்டமும் ஏறாது என்பது எனக்குத் தெரியும். 800 மீட்டருக்குப் பயிற்சி என்றால் விடியற்காலையில் ஐந்தாறு கிலோமீட்டர், சாயங்காலம் 200 மீட்டர், 300 மீட்டர் என்று விட்டுவிட்டு ஓட்டம். வெறும் வயிற்றோடு வந்து, நாலாவது 200இல் கண் இருட்டிக்கொண்டு என் தோளில் சாய்ந்த பிள்ளைகளுக்குக் கணக்கு இல்லை. 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. அது தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குத்தான். என் ஓட்டக்காரிகள் ஒன்பதாம் வகுப்பு. அவர்களுக்கு என் பையில் வேர்க்கடலை உருண்டையும் வாழைப்பழமும் எப்போதும் இருக்கும்.

சாந்திக்கு வருவோம். புதுக்கோட்டைக் கல்லூரி, பிறகு சென்னை, பிறகு தேசியப் போட்டிகள். 2005இல் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளத்தில் 800 மீட்டர் வெள்ளி. 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டு. பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் முன்னால் போய்விட்டார். இரண்டாம் இடத்துக்குச் சாந்தியும் கஜகஸ்தான் வீராங்கனையும் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாமல் படத்தை வைத்துத்தான் முடிவு சொன்னார்கள். இரண்டு நிமிடம் 3.16 விநாடி, சாந்திக்கு வெள்ளி. ஆசிய விளையாட்டில் பதக்கம் வென்ற முதல் தமிழ்ப் பெண் என்று ஊரே கொண்டாடியது.

பந்தயம் முடிந்த பிறகு அவரை ஒரு பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். எதற்கென்று விளக்கியவர் யாரும் இல்லை. ஊர் திரும்பிய சில நாளில், பெண்கள் போட்டிக்கான பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடியது. பதக்கமும் போனது. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய ரகசியத்தை, அவள் அறியும் முன்பே நாடு அறிந்தது.

சாந்தி ஊசி எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வரவில்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, அந்த உடம்போடு ஓடினார். நம் உடம்புக்குள் ஹார்மோன் எவ்வளவு, குரோமோசோம் எப்படி என்று நம்மில் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியாது. ஷைனி தாண்டிய கோடு சுண்ணாம்பில் போட்டது. சாந்தி தாண்டியதாகச் சொன்ன கோட்டை, ஓடுவதற்கு முன் யாரும் அவருக்குக் காட்டவே இல்லை.

அன்றைய முதல்வர் கருணாநிதி, அந்தச் செய்தி வந்த பிறகும், சொன்னபடி 15 லட்சம் ரூபாய் பரிசைக் கொடுத்தார். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு சாந்தி புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஓட்டப் பயிற்சி கொடுத்தார். கை காய்ந்தபோது மறுபடியும் செங்கல் சூளைக்கே போனார். 2012இல், லண்டனில் ஒலிம்பிக் நடந்த அதே வருஷம், ஆசியப் பதக்கம் வாங்கிய கை நாள் கூலிக்குச் செங்கல் சுமந்ததைப் பத்திரிகைகள் படம் போட்டுக் காட்டின. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளர் ஆனார்.

மூன்றாவது கதையும் தோகாதான். 2019 ஏப்ரல், ஆசியத் தடகளம். திருச்சிப் பக்கம் முடிகண்டம் கிராமத்து கோமதி மாரிமுத்து, முப்பது வயதில், கடைசி நேரத்தில் வெளிப்பக்கமாகப் பாய்ந்து வந்து 2 நிமிடம் 2.70 விநாடியில் தங்கம் வாங்கினார். அடுத்த வருஷம் அந்தத் தங்கமும் போயிற்று. நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து சோதனையில் தெரிந்தது என்று நாலு வருஷத் தடை. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று கோமதி மறுத்தார். ஆனால் ஊக்கமருந்துச் சட்டம் எப்படிப்பட்டது என்றால், உன் உடம்புக்குள் இருப்பதற்கு நீயே பொறுப்பு, யார் கொடுத்தார் என்பது அப்புறம்.

எங்கள் சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் இருமல் மருந்து ஞாபகத்துக்கு வராது. பட்டாசுக்குள் அடைக்கிறதுதான் மருந்து. அதை எந்த அறையில் வைக்கலாம், ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு கலக்கலாம் என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறது. எழுதியதை மீறினால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் பிள்ளைகளிடம் நான் இப்படித்தான் சொல்வேன்: "பயராபீஸ்ல அம்மா மருந்தை எவ்வளவு பயந்து தொடுறாங்களோ, அவ்வளவு பயம் உனக்கு டப்பாவுல வர்ற பவுடர் மேல இருக்கணும். யார் கொடுத்தாலும், நானே கொடுத்தாலும், என்னன்னு கேக்காம வாயில போடாதே." ஊக்கமருந்துக் கோடும் எழுதிவைத்த கோடுதான். ஆனால் கிராமத்துப் பிள்ளைக்கு அதைத் தமிழில் படித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும்.

ஆக, மூன்றும் ஒன்றல்ல. ஒன்று கால் செய்த பிழை. ஒன்று உடம்புக்குள் போன பொருள். நடுவில் இருப்பது பிறப்பு. அதில் பிழை என்று சொல்லவே இடமில்லை.

நடுக் கதை எழுப்பிய கேள்வி இன்னும் முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமெனியா 2009இல் பெர்லினில் உலக 800 மீட்டர் தங்கம் வென்றபோது அவர் உடம்பைப் பற்றிக் கேள்வி எழுந்தது. பெண்களின் இயற்கையான ஹார்மோன் அளவுக்கு வரம்பு வைத்த விதியை எதிர்த்து ஒடிசா ஓட்டக்காரி தூத்தி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார், 2015இல் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது. 2018இல் புது விதி வந்தது. குறிப்பாக 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரைக்கும், அதாவது எங்கள் நடுத்தூர ஓட்டத்தின் தலையில்தான் அது விழுந்தது. 2025 செப்டம்பரிலிருந்து, உலகப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை கட்டாயம். பெண்கள் பிரிவுக்கு ஒரு வேலி வேண்டும் என்கிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. என் பிள்ளைகளும் அந்தப் பிரிவில்தான் ஓடுகிறார்கள். வேலியை எங்கே போடுவது என்று அறிவியலாளர்களும் நீதிபதிகளும் வாதாடட்டும். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்: எந்தக் கோடாக இருந்தாலும் ஓடுவதற்கு முன் காட்டுங்கள். அவளுக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள். முடிவு சரியில்லை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் மட்டும் சொல்லுங்கள். ஊர் கூட்டிச் சொல்ல அது திருவிழா அறிவிப்பு இல்லை.

அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இந்த மூன்று கதைகளையும் இதே வரிசையில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அந்தப் புதுக்கோட்டைப் பிள்ளை இப்ப என்ன செய்யுது?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவ்வளவு பட்ட பெறகும் ஓட்டத்த விடலையா?" என்றார். உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டு, டீச்சருக்குத் தண்ணி கொண்டு வரச் சொன்னார்.

அடுத்த வாரம் பிள்ளை பயிற்சிக்கு வந்துவிட்டாள்.

அந்த வருஷப் போட்டிக்குக் கோடு போடும்போது, பிரேக் லைனில் இரண்டு வாளிச் சுண்ணாம்பைக் கொட்டினேன். கூட வேலை பார்த்தவர், "எதுக்கு டீச்சர் இவ்வளவு அகலமா?" என்று கேட்டார். எட்டாவது பாதையில் நிற்கிற பிள்ளைக்கும் புறப்படும் முன்னாலேயே கண்ணில் படட்டும் என்றேன்.