ஒளியும் கரி ஏடும்
(ஆலத்தியூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இப்பக்கத்தில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லில் கரி என்னும் மூலப்பொருள் கலந்திருக்கிறது. நம் அடுப்புக் கரியும் அதுவே. பிள்ளைகளின் பென்சிலில் இருப்பதும் அதுவே. பென்சிலில் அது ஏடு ஏடாக அடுக்கியிருக்கிறது. ஒரே அணுக் கனமுள்ள ஏட்டை 2004-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கெய்ம், நோவொசெலோவ் என்ற இருவர் ஒட்டும் நாடாவைக் கொண்டே உரித்தெடுத்தார்கள். அந்த ஆராய்ச்சிக்காக 2010-ல் நோபெல் பரிசும் பெற்றார்கள். அவ்வேட்டுக்குத்தான் கிராஃபீன் என்று பெயர்.

நிற்க, அதில் அணுக்கள் தேன்கூடு போல் அறுகோணமாக நிற்கின்றன. அதிலுள்ள எலெக்ட்ரான்களுக்கு இரண்டு நிலைகள் உண்டு. விஞ்ஞானிகள் இவற்றைப் 'பள்ளத்தாக்கு' என்கிறார்கள். இவை மலையிலுள்ள பள்ளமல்ல. எலெக்ட்ரானின் சக்தியையும் உந்தத்தையும் படமாக வரைந்தால் தோன்றும் பள்ளங்களாகும். எலெக்ட்ரான் எதில் இருக்க வேண்டும் என்பதை நாமே நிர்ணயிக்கக் கூடுமானால், கணிப்பொறிக்கு வேண்டிய 0, 1 என்ற இரு குறிகளும் கிடைத்துவிடும்.

ஆனால் கிராஃபீனில் இவ்விரண்டும் சரிசமமானவை. ஆதலால் இக்காரியத்துக்கு அது உதவாது என்பதே அறிஞர்களின் அபிப்பிராயமாக இருந்து வந்தது. அறிஞர் சொன்னாரென்று அதோடு நின்றுவிடலாமா? பம்பாய் ஐ.ஐ.டி.யின் கோபால் தீட்சித் குழுவினர், ஜெர்மனியின் மாக்ஸ் பார்ன் நிலையத்தாருடன் சேர்ந்து 2021-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அஃதாவது, எதிரெதிராகச் சுழலும் இரண்டு லேசர் ஒளிகளை, ஒன்றின் அதிர்வு மற்றதற்கு இரு மடங்காக இருக்கும்படி ஒருங்கே செலுத்தினால், அவ்வலை வில்வ இலை போல் மூன்று இதழாக அமையும். (வில்வத்தைப் பூசைக்காகச் சொல்லவில்லை, வடிவத்துக்காகச் சொல்லுகிறோம்!) தேன்கூட்டில் ஒவ்வோர் அணுவுக்கும் அண்டை அணு மூன்று. ஆகவே இலையைத் திருப்பத் திருப்ப, எலெக்ட்ரான்கள் எந்தப் பள்ளத்தில் மிகுதியாகக் கிளர்ந்தெழும் என்பதும் மாறும்.

அப்படியானால் இதை அப்படியே நம்பிவிட வேண்டுமா? வேண்டாம். இது கணக்கு, கணக்குக்குத் தீர்ப்புச் சொல்வது சோதனைதான். ஒளி கிராஃபீனுக்குக் கட்டளையிடக் கூடும் என்பதற்குச் சோதனையும் உண்டு. ஜெர்மனியின் எர்லாங்கன் ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் லேசர் அலையின் வடிவை மாற்றியே, கிராஃபீனில் மின்சாரம் ஓடும் திசையைத் திருப்பிக் காட்டினார்கள்.

ஆகவே தோழர்களே, பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகள் பென்சிலைக் காட்டி 'இதற்குள் என்ன?' என்று கேட்டால், 'வாயை மூடு' என்று அதட்டாதீர்கள். பழைய அபிப்பிராயத்தை அசைத்ததும் அப்படிப்பட்ட கேள்விதான். நமக்கு விடை தெரியாவிட்டால், 'வா, சேர்ந்து தேடுவோம்' என்று சொல்லுவோம். அதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை.