பணியிற் சேர்ந்த பின்னர்

 

இவ்வெள்ளி விழா மேடையில் எமக்கு முன் பேசிய சான்றோர் பலரும் மாணவர்களை நோக்கியே பேசினர். அது முறையே. யாம் பின்வரிசைகளில் அமர்ந்திருப்போரை நோக்கிச் சில சொல்ல விழைகின்றோம். இச்சங்கத்தின் உதவித்தொகையிற் பயின்று, இன்று எழுத்தராகவும் ஆசிரியராகவும் செவிலியராகவும் வங்கி ஊழியராகவும் ஆலைத் தொழிலாளராகவும் பத்தாண்டு, இருபதாண்டு பணிபுரிந்து வருவோர் அவர்கள்.

நம் வீடுகளில் பணி நியமன ஆணை வந்த நாளோடு கதை முடிந்துவிடுகிறது. தெருவெல்லாம் இனிப்பு வழங்குகிறோம். அண்ணல் அம்பேத்கர் படத்திற்கு மாலையிடுகிறோம். கரை சேர்ந்துவிட்டான் பிள்ளை என்று தாய் கண்ணீர் மல்குகிறாள். மறுநாள் முதல் அலுவலகத்தில் நடப்பனவற்றை எடுத்துரைக்க அவ்வீட்டில் ஒருவரும் இல்லை. பிறர் வீட்டில் தந்தையோ மாமனோ முன்பே அங்கு இருந்திருப்பார். சோறுண்ணும் வேளையிலேயே அடிப்படை விதிகள் பிள்ளையின் காதில் விழுந்துவிடும். நாமோ முதல் தலைமுறை. இக்குறை அறிவுக் குறையன்று. சொல்வார் இல்லாக் குறை.

எம் கதையையே கூறிவிடுகின்றோம். பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், தலைமையாசிரியர் பதவிக்கு வேண்டிய துறைத் தேர்வுகளை, கணக்குத் தேர்வு உட்பட, இரவு விளக்கில் படித்துத் தேறினோம். தேறியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். அத்தேர்ச்சி பணிப்பதிவேட்டில் பதியப்பட்டதா என்று பார்த்தோமில்லை. முதுநிலைப் பட்டியல் பார்வைக்கு வந்தது, எல்லாரும் ஒப்பமிட்டனர், யாமும் ஒப்பமிட்டோம். படிக்கவில்லை! எமக்கு இளையோர் இருவர் தலைமையாசிரியராகச் சென்ற பிறகே எம் பெயருக்கு நேரே தேர்வுக் கட்டம் வெறுமையாய் இருந்ததை அறிந்தோம். எழுதாமல் விட்டவர் மறந்தாரா, மறைத்தாரா என்று பல நாள் உள்ளம் கொதித்தது. அது இன்றளவும் எமக்குத் தெரியாது. ஆனால் ஆட்சேபம் தெரிவிக்கக் குறித்திருந்த நாள்களில் வாய்மூடி இருந்தவர் யாமே. முறையீடு செய்து, இரண்டாண்டு கழித்து உரிய இடம் பெற்றோம். அவ்விரண்டாண்டு திரும்பி வரவில்லை.

ஆதலின் பணியிலிருப்போர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் பணிப்பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். பார்த்து ஒப்பமிடுவது விதிகள் தரும் உரிமை; எவரிடமும் பெறும் சலுகையன்று. பணிவரன்முறை ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, துறைத் தேர்வுத் தேர்ச்சி, உயர்கல்வித் தகுதி, விடுப்புக் கணக்கு, வாரிசு நியமனம் ஆகியவை எண்ணும் நாளும் இட்டு உள்ளனவா என்று விரல் வைத்துப் படியுங்கள். இரண்டாம் படி ஒன்று வீட்டில் இருக்கட்டும். பதிவேடுகள் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டதால் இனிப் பிழை நேராது என்று நினைப்பார் உளர். தாளிலிருந்த பிழை திரைக்குப் போயிற்று என்பதே பல இடங்களில் யாம் கண்டது.

பிறந்த நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று ஆசிரியரே ஒரு நாளை எழுதிக்கொண்ட காலம் நம்மில் பலர்க்கு நினைவிருக்கும். அந்தக் கற்பனை நாளால் ஓராண்டு, ஈராண்டு முன்னதாக ஓய்வு பெற்றோர் நம்மிடையே மிகுதி. தமிழ்நாட்டு அரசுப் பணியில் சேர்ந்த ஐந்தாண்டுக்குள் திருத்தம் கோரினால்தான் உண்டு. ஓய்வு நெருங்கும் வேளையில் சான்று தேடி ஓடுவதில் பயனில்லை.

மேலதிகாரி எழுதும் ஆண்டறிக்கை மற்றொன்று. நெடுங்காலம் அது நமக்குத் தெரியாமலே நம் தலையெழுத்தாக இருந்தது. நேரே முகமலர்ந்து பேசி, தாளில் ‘சராசரி’ என்று எழுதிவிடுவார். தேவ் தத் வழக்கில் 2008ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, நன்றோ தீதோ, ஒவ்வொரு மதிப்பீடும் உரியவர்க்குத் தெரிவிக்கப்படல் வேண்டும். தெரிவிக்காவிடில் எழுதிக் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் துணை நிற்கிறது. முப்பது நாளில் விடை வர வேண்டும். நாவால் கேட்டது காற்றோடு போம். எழுதிக் கேட்டதற்கு நாளும் ஒப்புகையும் உண்டு.

ஆசிரியர்களுக்குத் தனியே ஒரு சொல். 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்க்குத் தகுதித் தேர்வு இன்றியமையாதது என்றது. பணிக்காலம் ஐந்தாண்டுக்கு மேல் எஞ்சியிருப்போர் இரண்டாண்டுக்குள் தேறுதல் வேண்டும் என்றும், அதற்குக் குறைவாக எஞ்சியிருப்போர் தொடரலாமாயினும் தேறாமல் பதவி உயர்வு பெறலாகாது என்றும் கூறிற்று. இருபதாண்டு பாடம் நடத்தியவரை மீண்டும் தேர்வுக் கூடத்தில் அமர்த்துவது எமக்கும் உவப்பானதன்று. ஆயினும் தள்ளுபடி வரும், சலுகை வரும் என்று காத்திருந்து நாளைக் கழிக்க நம்மவரால் இயலாது. புத்தகத்தை எடுங்கள்.

இனி, தனியார் துறையில் இருப்போர். திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. நாற்பது வயதில் வேலை இழந்தவன் இருபது வயது இளைஞனோடு வரிசையில் நிற்கிறான். தனியார் இடத்தில் இடஒதுக்கீடு இல்லை. பல இடங்கள் விளம்பரமின்றி, தெரிந்தவர் வாய்ச்சொல்லாலேயே நிரம்பிவிடுகின்றன. நமக்கோ தெரிந்தவர் இல்லை. பெயரைக் கண்டே ஒதுக்குவாரும் உளர். சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்னும் அறிஞர் இருவர், தகுதி ஒத்திருக்கப் பெயர் மட்டும் வேறுபட்ட விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பி, 2007இல் வெளியிட்ட ஆய்வில் இதனை மெய்ப்பித்தனர்.

இதற்கு எம்மிடம் முழு மருந்தில்லை. ஆனால் கைவிட வேண்டாத சில உள. வேலையை விட்டு வரும்போதே அனுபவச் சான்றும் விடுவிப்பு ஆணையும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண்ணும் கையில் இருத்தல் வேண்டும்; ஆலை மூடிய பிறகு ஒப்பமிட ஆளிருக்காது. விண்ணப்பத்தில் ‘இயந்திரம் இயக்குநர், பன்னிரண்டு ஆண்டு’ என்று ஒரே வரி எழுதுகின்றனர். எந்த இயந்திரம், எத்தனை பேரை மேற்பார்த்தீர், எந்தப் பழுதைச் சீர் செய்தீர், எவர்க்குத் தொழில் கற்பித்தீர் என்பதை எழுதுங்கள். நம் மக்கள் தம் திறமையைத் தாமே சொல்லக் கூசுவர். அடக்கம் என்று பிறர் இதனைப் புகழ்வர். வேலையை மட்டும் வேறொருவர்க்குத் தருவர்.

இருக்கும் பணியை விட்டு மேற்செல்லலாமா என்று வினவுவோரும் உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடா அரசில் பணியேற்றபோது தங்க ஓர் அறை கிடையாது துரத்தப்பட்டதை நாம் அடிக்கடி நினைக்கிறோம். அதன்பின் நிகழ்ந்ததை அத்துணை நினைப்பதில்லை. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். பிறராயின் அங்கேயே ஓய்வு பெற்றிருப்பர். அவரோ ஊதியத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் மன்னரின் உதவியும் பார்சி நண்பர் ஒருவரின் கடனும் சேர்த்து, 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, விட்ட படிப்பைத் தொடர்ந்தார், 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். சினத்தில் எறிந்த வேலையன்று அது. கணக்கிட்டுப் பணம் சேர்த்து, போகுமிடம் அறிந்து விட்ட வேலை. சினத்தில் வேலையை எறிந்துவிட்டு எம்மிடம் வந்த இளைஞர் சிலரைக் கண்டிருப்பதால் இதனைச் சொல்கின்றோம். அவமதிப்புப் பொறுக்க ஒண்ணாததே. ஆயினும் அடுத்த இடத்தின் ஆணை கைக்கு வந்தபின் விலகல் கடிதம் கொடுங்கள்.

நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். இச்சங்கக் கட்டடத்தின் படிப்பறை ஞாயிறு பிற்பகல்களில் பூட்டியே கிடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அதனைத் திறந்து வையுங்கள். விதி நூல்களோடு யாம் அங்கு அமர்ந்திருப்போம். ஓய்வு பெற்ற அலுவலக மேலாளர் ஒருவரும், வங்கிப் பணியில் உள்ள அன்பர் ஒருவரும் உடனிருக்க இசைந்துள்ளனர். பணிப்பதிவேட்டின் படி, குறிப்பாணை, விண்ணப்பம், எதுவாயினும் கொண்டு வாருங்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை பெற்றோர் விளக்கம் எழுதுமுன் வருவது நலம். எழுதிக் கொடுத்தபின் வந்தால் எம்மாற் செய்யக் கூடுவது சிறிதே.